ஒரே சாப்ட்வேர், பல கம்ப்யூட்டர்கள்: இது எப்படி முடிகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. நண்பர் பென் டிரைவில் நல்ல சாப்ட்வேர் ஒன்றைத் தருகிறார். அவருடையது விண்டோஸ் கம்ப்யூட்டர். நம்முடையது மேக், அல்லது கடைக்காரர் லினக்ஸ் போட்டுத் தந்த லேப்டாப். டபுள் கிளிக் செய்தால் ஒன்றும் நடப்பதில்லை, அல்லது புரியாத எச்சரிக்கை ஒன்று வருகிறது. பென் டிரைவ் கெட்டுவிட்டதா, கம்ப்யூட்டரில் கோளாறா என்று குழம்புகிறோம். இரண்டும் இல்லை. அந்த பைல் உங்கள் சிஸ்டத்துக்காகத் தயாரிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஆரஞ்சு நிறக் கூம்புப் படம் போட்ட ஒரு புரோகிராம் மட்டும் நண்பரிடமும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது, போனிலும் இருக்கிறது. வி.எல்.சி. மீடியா பிளேயரைத்தான் சொல்கிறேன். பெரும்பகுதி தன்னார்வலர்கள் எழுதியது, இலவசம். பெரிய கம்பெனிகளே ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் சாப்ட்வேர் தரும்போது, சம்பளம் இல்லாமல் எழுதுகிறவர்களால் இது எப்படி முடிந்தது? இந்த மாதப் பாடம் அதுதான். நீங்கள் புரோகிராம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. டவுன்லோட் செய்யப் போகும்போது எதைத் தேர்ந்தெடுப்பது, ஏன் சில சாப்ட்வேர்கள் பழைய கம்ப்யூட்டரைக் கைவிடுகின்றன என்பதெல்லாம் இதைப் படித்தால் பிடிபடும்.

சமையல்காரரும் கல்யாண வீடும்

கல்யாண வீட்டுக்கு வரும் சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ரசம் வைக்க அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் அடுப்பு எங்கே, தண்ணீர் எங்கே, அண்டா எங்கே என்று அந்த வீட்டாரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். புரோகிராமும் அப்படித்தான். கணக்குப் போடுவது, வீடியோவைப் பிரித்துப் படமாக்குவது போன்றவற்றைத் தானே செய்துகொள்ளும். ஒரு பைலைத் திறக்க, திரையில் ஒரு விண்டோ வரைய, ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்ப ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்க வேண்டும். இங்கேதான் வம்பு. ஒவ்வொரு சிஸ்டத்திலும் கேட்கும் முறை வேறு. பைலைத் திறக்க விண்டோஸில் 'கிரியேட் பைல்' என்று கேட்க வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் 'ஓப்பன்' என்று கேட்டால் போதும். சத்தம் அனுப்புவதற்கோ மூன்றிலும் மூன்று வழி.

இது போதாதென்று பிராசஸரும் மாறும். மேசைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இன்டெல் வகை பிராசஸர். போனில் ஆர்ம் வகை. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் மேக் கம்ப்யூட்டர்களையும் ஆர்ம் வகைக்கு மாற்றத் தொடங்கியது. ஆபரேட்டிங் சிஸ்டமும் பிராசஸரும் சேர்ந்ததைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் பிளாட்பாரம் என்கிறார்கள். (ரயிலுக்குக் காத்திருக்கும் இடம் அல்ல.) பல பிளாட்பாரங்களில் ஓடுவது கிராஸ் பிளாட்பாரம் சாப்ட்வேர்.

பாரிஸ் மாணவர்கள் போட்ட அடித்தளம்

வி.எல்.சி. பிறந்த இடம் பிரான்ஸின் எகோல் சென்ட்ரல் பாரிஸ் என்ற பொறியியல் கல்லூரி. 1996ல் அங்கே படித்த மாணவர்கள், சாட்டிலைட் டி.வி. நிகழ்ச்சிகளைக் கல்லூரி நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அனுப்பும் பக்கம் சர்வர். வாங்கிக் காட்டும் பக்கம் 'வீடியோ லேன் கிளையன்ட்'. அதன் சுருக்கம்தான் வி.எல்.சி. 1998ல் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார்கள். 2001 பிப்ரவரியில் கல்லூரியின் அனுமதியோடு ஜி.பி.எல். என்ற திறந்த உரிமத்தில் உலகுக்கே கொடுத்தார்கள்.

புதிதாக எழுதியபோது எடுத்த ஒரு முடிவுதான் இன்றுவரை சோறு போடுகிறது. நடுவில் சிறிய மையப் பகுதி ஒன்று. மற்ற எல்லா வேலைகளும் அதைச் சுற்றிச் செருகப்படும் மாட்யூல்கள். சத்தம் அனுப்ப ஒரு மாட்யூல், படம் காட்ட ஒன்று, டி.வி.டி. படிக்க ஒன்று. மையப் பகுதிக்கு 'சத்தத்தை அனுப்பு' என்று சொல்ல மட்டும் தெரியும். விண்டோஸிடம் எப்படிக் கேட்பது, மேக்கிடம் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அந்தந்த மாட்யூலின் பாடு. புதிய பிளாட்பாரம் ஒன்று வந்தால் முழுவதையும் திரும்ப எழுத வேண்டாம். விட்டுப்போன மாட்யூல்களை மட்டும் எழுதினால் போதும். இந்த வழியில்தான் ஓ.எஸ். 2 போன்ற, பலர் மறந்தே போன சிஸ்டங்களுக்கும் வி.எல்.சி. போயிருக்கிறது.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். விண்டோஸில் வி.எல்.சி. இருந்தால் சி டிரைவில் புரோகிராம் பைல்ஸ் போல்டரைத் திறந்து, அதற்குள் வீடியோ லேன், அதற்குள் வி.எல்.சி., அதற்குள் பிளக் இன்ஸ் என்று போங்கள். உள்ளே 'ஆடியோ அவுட்புட்' என்ற போல்டர் இருக்கும். அதில் வேவ்அவுட், டைரக்ட் சவுண்ட், எம்.எம். டிவைஸ் என்ற பெயர்களில் சில பைல்கள் தெரியும். ஸ்பீக்கர் ஒன்றுதானே, எதற்கு இத்தனை? எம்.எம். டிவைஸ் முறை விண்டோஸ் விஸ்டாவிலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும்தான் வேலை செய்யும். எக்ஸ்பி கம்ப்யூட்டரில் அது கிடையாது. அங்கே பழைய முறைகளில் ஒன்று கைகொடுக்கும். இருப்பதில் எது பொருந்துகிறதோ அதை வி.எல்.சி.யே எடுத்துக்கொள்கிறது. பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். எதையும் டெலீட் செய்ய வேண்டாம்.

ஆள் இல்லாவிட்டால்?

இதுவரை சொன்னது இன்ஜினீயரிங். தன்னார்வத் திட்டத்தில் அதைவிடப் பெரிய கேள்வி, அந்த மாட்யூலை யார் எழுதுவது, யார் பராமரிப்பது என்பது. கம்பெனி என்றால் 'நீ மேக் பக்கம் போ' என்று மேனேஜர் உத்தரவு போடலாம். இங்கே யாருக்கும் யாரும் உத்தரவு போட முடியாது. யாரிடம் மேக் இருக்கிறதோ, யாருக்கு மாலை நேரம் இருக்கிறதோ அவர்தான்.

2009 டிசம்பரில் வி.எல்.சி.க்கு இந்தச் சோதனை வந்தது. மேக் பதிப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். உலகம் முழுவதும் மேக்கில் வி.எல்.சி. பயன்படுத்துகிறவர்கள் ஏராளம், அதில் வேலை செய்ய ஆள் இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் மேக் பதிப்பே நின்றுபோகும் என்று வீடியோ லேன் வெளிப்படையாக அறிவித்தது. செய்தி பரவி, உதவ முன்வந்தார்கள் சிலர். மேக் பதிப்பு பிழைத்தது.

மேக் பதிப்புக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச் சிக்கல்? விண்டோஸிலும் லினக்ஸிலும் வி.எல்.சி.யின் மெனு, பட்டன்கள் எல்லாம் 2008 முதல் 'க்யூட்டி' என்ற பொதுவான கருவித் தொகுப்பில் எழுதப்பட்டவை. ஒருவர் திருத்தினால் இரண்டு பக்கமும் சரியாகும். மேலும் விண்டோஸ் பதிப்பையே அவர்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரில் வைத்துத் தயாரிக்கிறார்கள். மேக்கின் முகப்பு மட்டும் மேக்குக்கே உரிய முறையில் தனியாக எழுதப்பட்டது. பார்க்க அழகாக, மேக் புரோகிராம் போலவே இருக்கும். ஆனால் அதைத் தெரிந்தவர் போனால் அந்த இடம் காலி. அழகா, ஆள் பலமா என்று கேட்டால், ஐந்து பேர் கொண்ட திட்டத்துக்கு நான் பொதுவான கருவித் தொகுப்பையே சொல்வேன். மேக் ரசிகர்கள் என் மேல் கோபப்படலாம்.

உரிமமும் ஒரு தடைதான்

2010ல் வேறொரு குழு வி.எல்.சி.யை ஐபேடுக்குக் கொண்டுவந்தது. ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் கிடைத்தது. 2011 ஜனவரியில் காணாமல் போனது. காரணம் புரோகிராமில் இல்லை. ஜி.பி.எல். உரிமம், வாங்குகிறவர் மேல் கூடுதல் கட்டுப்பாடு எதுவும் போடக்கூடாது என்கிறது. ஆப் ஸ்டோர் விதிகளோ கட்டுப்பாடு போடுகின்றன. வி.எல்.சி.யை எழுதியவர்களில் ஒருவரே இதைச் சுட்டிக்காட்டி ஆட்சேபம் எழுப்பினார், ஆப்பிள் எடுத்துவிட்டது.

சரி, உரிமத்தை மாற்றினால் போயிற்று என்று தோன்றும். தன்னார்வத் திட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதியவரே சொந்தக்காரர். பல ஆண்டுகளாக, பல நாடுகளிலிருந்து எழுதிய நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டார்கள். 2011 கடைசியில் மையப் பகுதியும், 2012ல் பெரும்பாலான மாட்யூல்களும் சற்றுத் தளர்வான எல்.ஜி.பி.எல். உரிமத்துக்கு மாறின. 2013 ஜூலையில் வி.எல்.சி. மீண்டும் ஐபோனுக்கும் ஐபேடுக்கும் வந்தது. இரண்டரை ஆண்டுகள்! யார் எதை எழுதினார் என்ற பதிவு ஒழுங்காக இருந்ததால்தான் இதாவது முடிந்தது.

பழைய கம்ப்யூட்டரை எப்போது விடுவது?

வாசகர்களை நேரடியாகப் பாதிக்கும் விஷயம் இது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் ஆதரவை நிறுத்தியது. 2018 தொடக்கத்தில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு பெரிய இலவச சாப்ட்வேர்களின் புதிய பதிப்புகள் வந்தன. ஜனவரி கடைசியில் லிப்ரே ஆபீஸ் 6.0; அதை எக்ஸ்பியில் போட முடியாது, குறைந்தது விண்டோஸ் 7 வேண்டும். பிப்ரவரியில் வி.எல்.சி. 3.0, அது எக்ஸ்பியிலும் ஓடியது.

இதில் யார் செய்தது சரி? இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பழைய சிஸ்டத்தை வைத்துக்கொண்டால் புதிய சிஸ்டத்தின் வசதிகளைப் பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்திலும் 'பழையதாக இருந்தால் இப்படிச் செய்' என்று இன்னொரு வழி எழுத வேண்டும். அந்த வழி ஓடுகிறதா என்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துச் சோதிக்கவும் வேண்டும். அந்த நேரம் எங்கிருந்தோ வருவதில்லை. புதிய கோளாறு ஒன்றைத் திருத்தும் நேரத்திலிருந்துதான் போகிறது. மறுபக்கம், எக்ஸ்பி கம்ப்யூட்டரை வைத்திருந்தவர்களில் பலர் ஆசைப்பட்டு வைத்திருக்கவில்லை. புதியது வாங்கக் காசில்லை. அவர்களுக்கு அது கடைசிக் கதவு.

விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, விண்டோஸ் 11 ஏற்காததால் திகைத்து நிற்பவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். எனவே இதே கேள்வி மறுபடியும் எல்லாத் திட்டங்களின் வாசலிலும் நிற்கிறது. என் கருத்து: கைவிடுவது குற்றமில்லை, சொல்லாமல் கைவிடுவதுதான் குற்றம். எந்தப் பதிப்பு கடைசி, அது எங்கே கிடைக்கும் என்று தெளிவாக எழுதி வைத்தால் பழைய கம்ப்யூட்டர்காரர் தன் வழியைப் பார்த்துக்கொள்வார்.

நாங்கள் ஐந்து பேர், ஒரு நூலகம்

வி.எல்.சி. யானை. எலி அளவிலான உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். நானும் நண்பர்கள் நால்வரும் ஓய்வு நேரத்தில் ஒரு சிறு நூலகத்துக்குப் புத்தகப் பதிவேடு புரோகிராம் எழுதுகிறோம். எங்களில் இருவரிடம் லினக்ஸ், இருவரிடம் விண்டோஸ் 11, ஒருவரிடம் மேக். நூலகத்தில் இருப்பது விண்டோஸ் 7 போட்ட பழைய கம்ப்யூட்டர். இன்டர்நெட் இணைப்பு கிடையாது. எழுத ஆரம்பிக்கும் முன்பே ஒரு தாளில் இதையெல்லாம் எழுதினோம். நூலகத்துக் கம்ப்யூட்டரில் ஓடியே ஆக வேண்டும். அதில் ஓடாத எதையும் சேர்க்கக் கூடாது. லினக்ஸிலும் மேக்கிலும் ஓடினால் எங்களுக்கு வசதி, ஆனால் வாக்குறுதி இல்லை. போனுக்கு இப்போது கிடையாது.

இந்த நான்கு வரிகள் மற்ற முடிவுகளைத் தாமாகவே எடுத்துக்கொடுத்தன. பைத்தான் மொழியின் 3.8 பதிப்புதான் விண்டோஸ் 7ல் ஓடும் கடைசிப் பதிப்பு, எனவே 3.8. க்யூட்டி தொகுப்பின் 6ஆம் பதிப்பு விண்டோஸ் 7ஐ ஏற்காது, எனவே 5. பைத்தான் 3.8க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டன என்பது தெரிந்தேதான் எடுத்தோம். நெட் இணைப்பு இல்லாத கம்ப்யூட்டர் என்பதால் ஒப்புக்கொண்டோம். நெட் உள்ள இடமாக இருந்தால் நான் சம்மதித்திருக்க மாட்டேன். புத்தக விவரங்களை எஸ்.கியூ.லைட் முறையில் சேமிக்கிறோம். அதன் பைலை எந்த சிஸ்டத்துக்குக் காப்பி செய்தாலும் அப்படியே திறக்கும். நூலகம் நாளை கம்ப்யூட்டரை மாற்றினாலும் பதிவேடு போகாது. புரோகிராமைத் திரும்ப எழுதலாம். ஆறாயிரம் புத்தகத்தைத் திரும்ப டைப் செய்ய யார் வருவார்?

பிறகு வந்தவை சில்லறை விஷயங்கள். ஆனால் காலை வாருவது சில்லறைதான். விண்டோஸ் போல்டர் பெயர்களுக்கு நடுவே \ போடும்; மற்றவை / போடும். விண்டோஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. லினக்ஸுக்கு உண்டு, அங்கே அவை இரண்டு வேறு பைல்கள். விண்டோஸில் பைல் பெயரில் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ வரக் கூடாது, லினக்ஸில் வரலாம். லினக்ஸ் நண்பர் அனுப்பும் பைல் உங்கள் கம்ப்யூட்டரில் காப்பி ஆக மறுத்தால் முதலில் பெயரைப் பாருங்கள். நோட்பேடில் திறந்தால் எல்லா வரிகளும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு தெரிந்த காலமும் உண்டு. 2018ல் விண்டோஸ் 10க்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. நூலகத்து விண்டோஸ் 7ல் தீரவில்லை.

தமிழுக்கென்றே ஒரு வம்பு இருக்கிறது. 'கொடி' என்று ஒரு பைலுக்குப் பெயர் வைக்கிறீர்கள். விண்டோஸ் நீங்கள் டைப் செய்ததை அப்படியே வைத்துக்கொள்ளும்: க, ஒகரக் குறி, ட, இகரக் குறி என்று 4 குறியீடுகள். 2017 வரை மேக் பயன்படுத்திய எச்.எப்.எஸ். பிளஸ் முறையோ ஒகரக் குறியைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று பிரித்து 5 குறியீடுகளாகச் சேமித்தது. திரையில் இரண்டும் 'கொடி'தான். கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் வேறு! தேடினால் கிடைக்காது. பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். யூனிகோடில் அதற்கு நார்மலைசேஷன் என்று முறையே உண்டு. எழுத்துருவிலும் கவனம் வேண்டும். விண்டோஸ் 2000 முதல் வரும் 'லதா' எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கேட்டால் லினக்ஸில் அது இருக்காது. நாங்கள் இலவச நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் புரோகிராமோடு சேர்த்தே கொடுக்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது

டவுன்லோட் பக்கத்தில் ஏன் இத்தனை பட்டன்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். விண்டோஸ் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் 32 பிட்டா 64 பிட்டா, இன்டெல் வகையா ஆர்ம் வகையா என்று எழுதியிருக்கும். 64 பிட் புரோகிராம் 32 பிட் விண்டோஸில் ஓடாது. மேக் என்றால் இடது மூலையில் உள்ள ஆப்பிள் படத்தைக் கிளிக் செய்து 'அபவுட் திஸ் மேக்' பாருங்கள். அதில் எம் 1, எம் 2 என்று எம் வரிசை பிராசஸர் இருந்தால் ஆப்பிள் சிலிக்கான் பதிப்பு, இன்டெல் என்று இருந்தால் இன்டெல் பதிப்பு. லினக்ஸ் என்றால் அதன் சாப்ட்வேர் மையத்திலேயே தேடிப் போட்டுக்கொள்வது நல்லது.

ஒரு தன்னார்வத் திட்டத்தின் சாப்ட்வேர் உங்களிடம் தகராறு செய்தால், திட்டிவிட்டு அழித்துவிடாதீர்கள். எழுதியவரிடம் உங்கள் மாதிரிக் கம்ப்யூட்டர் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் சொன்னால்தான் தெரியும். 'ஓடவில்லை' என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். உங்கள் விண்டோஸின் சரியான பதிப்பு எண் வரும். சாப்ட்வேரின் பதிப்பு எண்ணை ஹெல்ப் மெனுவில் அபவுட் என்ற இடத்தில் பாருங்கள். வி.எல்.சி. என்றால் கன்ட்ரோல் கீயோடு எம் அழுத்தினால் மெசேஜ் பெட்டி திறக்கும். அதில் வருவதையும் சேருங்கள். இந்த மூன்றோடு, எதைக் கிளிக் செய்தபோது நின்றது என்று இரண்டு வரி. தமிழ்ப் பெயர் உள்ள பைலில் மட்டும் தகராறு வருகிறதா, ஆங்கிலப் பெயர் வைத்தால் சரியாகிறதா என்று ஒரு முறை சோதித்து அதையும் எழுதி அனுப்புங்கள்.